வருகிறவர் என்ன கேட்கிறார்?
திருப்பூர் பனியன் கம்பெனி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், ஆபீஸ் பொறுப்பை இப்போது கையில் எடுத்திருக்கும் உங்கள் மகன், மகள்களுக்கும்:

உங்கள் கம்பெனிகளின் வெப்சைட்டுகளைப் பற்றித்தான் இந்த மடல். ஏற்றுமதியாளர்களின் தளங்களுக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் திருப்பூர் கம்பெனிகளின் தளங்களை அன்றாடம் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் பாதிக்கும் மேல் இந்த ஊரிலிருந்து போகிறது. துணியைத் தொட்டுப் பார்த்தே ஜிஎஸ்எம் சொல்லிவிடக்கூடியவர்கள் உங்களில் பலர். அந்த அறிவில் பத்தில் ஒரு பங்குகூட உங்கள் தளத்தில் தெரிவதில்லை.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஒரே நாட்டையும் ஒன்றிரண்டு பையர்களையும் நம்பியிருந்த கம்பெனிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. புதிய நாடு, புதிய பையர் என்று தேடியாக வேண்டிய காலம் இது. கண்காட்சியில் ஸ்டால் போடுகிறீர்கள், பையிங் ஏஜென்ட்டைப் பார்க்கிறீர்கள், மெயில் அனுப்புகிறீர்கள். எந்த வழியில் உங்கள் பெயர் போய்ச் சேர்ந்தாலும், அதைக் கேட்டவர் அடுத்துச் செய்வது ஒன்றுதான்: உங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்க்கிறார். நியூயார்க்கில் ஒருவர் கோடைக்காலத்தில் காலை 11 மணிக்கு அதைத் திறந்தால் இங்கே இரவு எட்டரை. மெர்ச்சன்டைசர் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் சார்பில் பேச அந்தத் தளத்தைத் தவிர வேறு ஆள் இல்லை.

அது என்ன பேசுகிறது? பெரும்பாலான தளங்களில் முதலில் வருவது ஒரு வரவேற்பு வாசகம். பிறகு கம்பெனி தொடங்கிய ஆண்டு, நிறுவனர் படம், தொலைநோக்கு, லட்சியம். ‘உலகத் தரம்’, ‘குறித்த நேரத்தில் டெலிவரி’, ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்று மூன்று கட்டங்கள். ‘பிராடக்ட்ஸ்’ என்ற பக்கத்தில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று மூன்று படங்கள்; அவையும் விலைக்கு வாங்கிய படங்கள். கடைசியில் ஒரு ஃபார்ம். இதில் பொய் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருக் கம்பெனியின் பெயரை இதன் மேல் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும். அதுதான் குறை.

இப்போது மறுபக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். ஸ்பெயினில் குழந்தை ஆடை பிராண்ட் ஒன்றைப் புதிதாகத் தொடங்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனதில் இருக்கும் கேள்விகள் இவை: இவர்கள் குழந்தைத் துணி செய்கிறார்களா, அல்லது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறார்களா? என் ஆர்டர் ஒரு நிறத்துக்கு 300 பீஸ்தான், எடுத்துக்கொள்வார்களா? துணி என்ன, ஜிஎஸ்எம் என்ன? பச்சைக் குழந்தையின் தோலில் படுவதற்கு என்ன சான்று இருக்கிறது? சாம்பிள் எத்தனை நாளில் வரும், அதற்குக் காசு உண்டா? ஆர்டர் உறுதியான பிறகு எத்தனை நாளில் கப்பல் ஏறும்? யாரோடு பேசுவது?

இந்த ஏழு கேள்விகளில் ஒன்றுக்காவது உங்கள் முதல் பக்கம் பதில் சொல்கிறதா? இந்த மடலைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். பதில் இல்லையென்றால் அவர் மெயில் அனுப்பிக் கேட்கப்போவதில்லை. அவர் முன் பத்துக் கம்பெனிகளின் தளங்கள் திறந்திருக்கின்றன. பதில் இருக்கும் மூன்று கம்பெனிகளுக்கு மெயில் போகும், மற்றவை மூடப்படும். உங்களை அவர் வேண்டாம் என்று சொன்னதுகூட உங்களுக்குத் தெரியவராது.

பையர் நேரில் உங்கள் சாம்பிள் ரூமுக்கு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனி வரலாற்றிலிருந்தா தொடங்குவீர்கள்? டீ கொடுத்து உட்கார வைத்து, “என்ன பார்க்கறீங்க?” என்று கேட்பீர்கள். டி-ஷர்ட் என்றால் டி-ஷர்ட் ஹேங்கரை எடுத்து முன்னால் போடுவீர்கள். வந்தவரின் தேவையிலிருந்து பேச்சைத் தொடங்கும் இந்தப் பழக்கம் உங்கள் தொழிலிலேயே ஊறியிருக்கிறது. அதை வெப்சைட்டுக்கும் கொண்டுவாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் அதற்கான வழிமுறை.

இது புதிய யோசனையும் இல்லை. 1997இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட ஆய்வில், புதிய இணையப் பக்கத்துக்கு வந்தவர்களில் 79 சதவீதம் பேர் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினார்கள். சொல்லுக்குச் சொல் படித்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே. தனக்கு வேண்டியது எங்கே என்று தேடத்தான் மனிதர்கள் வருகிறார்கள். 2012இல் பிரிட்டன் அரசு தன் பழைய தளங்களுக்குப் பதிலாக ஒரே பொதுத் தளத்தை உருவாக்கியபோது வகுத்துக்கொண்ட வடிவமைப்பு விதிகளில் முதல் விதி, பயன்படுத்துபவரின் தேவையிலிருந்து தொடங்கு என்பது. எந்தத் துறை என்ன சொல்ல விரும்புகிறது என்பதைப் பின்னால் தள்ளி, குடிமகன் எதற்காக வருகிறான் என்பதை முன்னால் வைத்தார்கள். ஒரு பெரிய அரசாங்கத்தால் முடிந்தது இருநூறு மெஷின் வைத்திருக்கும் கம்பெனியாலும் முடியும்.

எங்கிருந்து தொடங்குவது? டிசைனரை அழைப்பதற்கு முன்னால் உங்கள் மெர்ச்சன்டைசரை அழையுங்கள். உங்கள் வெப்சைட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது அவருடைய மெயில்பெட்டியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கடந்த ஓராண்டில் புதிதாக விசாரித்தவர்களின் முதல் மெயில்களை மட்டும் எடுத்துப் பிரின்ட் போடுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள கேள்விகளுக்கு அடிக்கோடு இடுங்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேருங்கள். குறைந்தபட்ச ஆர்டர், துணி, விலை, நாள், சான்றிதழ், ஆடிட் ரிப்போர்ட், பேக்கிங், பணம் செலுத்தும் முறை என்று தலைப்புகள் தாமாகவே பிரிந்துவரும். குவாலிட்டி பார்க்கிறவரிடமும், ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிறவரிடமும் இதையே கேளுங்கள்: “திரும்பத் திரும்ப உங்ககிட்ட என்ன கேக்கறாங்க?” அதிகம் பேர் கேட்டது மேலே, அபூர்வமாகக் கேட்டது கீழே. அந்தப் பட்டியல்தான் உங்கள் வெப்சைட்டின் திட்டம்.

பட்டியல் போடும்போது ஒன்று தெளிவாகும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஆள் இல்லை. சிறிய பிராண்டுக்காரருக்கு வழிகாட்டல் வேண்டும். டெக் பேக் என்றால் என்ன என்பதே அவருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். பெரிய ரீடெய்ல் நிறுவனத்தின் சோர்ஸிங் மேனேஜருக்கு விளக்கம் வேண்டாம். மாத உற்பத்தித் திறன், மெஷின் பட்டியல், எந்தெந்த நாடுகளுக்கு அனுப்பிய அனுபவம் என்று ஒரே பக்கத்தில் வேண்டும். அந்த நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் அதிகாரி துணியைப் பற்றிக் கேட்கவே மாட்டார். தொழிற்சாலை முகவரி, ஆடிட் தேதி, தொழிலாளர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தேடுவார். பையிங் ஏஜென்ட், தன் வாடிக்கையாளருக்கு அப்படியே அனுப்பக்கூடிய ஒரு சுருக்கத்தைத் தேடுவார். இவர்களில் உங்களுக்கு யார் முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். ஒரு நிறத்துக்கு 3,000 பீஸுக்குக் குறைவாக எடுக்க முடியாத கம்பெனி, அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. வேலைக்காகாத நூறு விசாரணைகளுக்குப் பதில் எழுதும் நேரம் உங்கள் மெர்ச்சன்டைசருக்கு மிச்சமாகும்.

ஒரு பக்கத்தை எழுதியே காட்டுகிறேன். எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

“பிறந்த குழந்தை முதல் 24 மாதம் வரையிலான ஆடைகள்: பாடிசூட், ரோம்பர், ஸ்லீப்சூட், தொப்பி. துணி: 100 சதவீதம் கோம்ப்டு காட்டன், இன்டர்லாக் மற்றும் ரிப், 180 முதல் 220 ஜிஎஸ்எம். குறைந்தபட்ச ஆர்டர்: ஒரு ஸ்டைலில் ஒரு நிறத்துக்கு 500 பீஸ். எங்களிடம் ஸ்டாக் இருக்கும் எட்டு நிறங்களில் 200 பீஸ் முதல் எடுத்துக்கொள்வோம். சாம்பிள்: டெக் பேக் கிடைத்து 10 வேலை நாளில். பல்க்: பிபி சாம்பிள் ஓகே ஆன நாளிலிருந்து 60 நாளில் தூத்துக்குடி எஃப்ஓபி. ஸ்னாப் பட்டன்கள் நிக்கல் இல்லாதவை. ஒவ்வொரு லாட்டிலும் இழுத்துச் சோதிக்கிறோம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100, முதல் வகுப்பு. சான்றிதழ் எண்ணும் செல்லுபடியாகும் தேதியும் கீழே. இறுதிப் பரிசோதனை ஏக்யூஎல் 2.5.”

இதில் ‘உலகத் தரம்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் படிக்கிறவர் தரத்தைப் புரிந்துகொள்கிறார். ஓகோ-டெக்ஸின் முதல் வகுப்பு மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கானது என்பது அந்த ஸ்பெயின் பெண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு வரியில் அவருடைய பெரிய பயம் தீர்ந்துவிடும்.

500 பீஸ் ஏன் என்பதற்கும் இரண்டு வரி எழுதுங்கள். கைக்குழந்தை பாடிசூட் ஒன்று ஏறக்குறைய 80, 90 கிராம் வரும். 500 பீஸுக்கு, வேஸ்டேஜையும் சேர்த்தால், 50 கிலோவை ஒட்டித் துணி வேண்டும். அதற்குக் கீழே போனால் சாயம் போடச் சின்ன மெஷினைத் தேட வேண்டும்; கிலோவுக்கான கூலியும் ஏறும். இது உங்களுக்குத் தினசரிக் கணக்கு. வெளிநாட்டில் இருக்கும் புதிய பிராண்டுக்காரருக்கு இதை யாரும் சொன்னதில்லை. குறைந்தபட்ச ஆர்டர் என்பது முதலாளியின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். காரணம் தெரிந்ததும் ஐந்து நிறத்தை மூன்றாகக் குறைத்து ஆர்டர் கொடுக்க அவரே முன்வருவார்.

அடுத்து, உங்களில் பலர் சொல்லத் தயங்கும் ஒன்று: ஜாப் ஒர்க். நூல் வாங்குவது ஓரிடம், நிட்டிங் ஓரிடம், டையிங், காம்பேக்டிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் வேறு வேறு இடங்கள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் உங்கள் கம்பெனியில். திருப்பூர் இயங்குவதே இப்படித்தான். ஆனால் வெப்சைட்டில் மட்டும் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடப்பதாக எழுதிவிடுகிறோம். ஆடிட்டுக்கு வருகிறவர் டையிங் எங்கே என்று கேட்கும்போது அந்த வரி நம்மைக் காட்டிக் கொடுக்கிறது. எது உள்ளே, எது வெளியே என்று வெளிப்படையாக ஒரு பக்கம் எழுதுங்கள். வெளியே செய்பவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், துணி திரும்பி வரும்போது ஷேடு, சுருக்கம், ஜிஎஸ்எம் ஆகியவற்றை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள். சில கிலோமீட்டருக்குள் எல்லா வேலைக்கும் தேர்ந்த ஆள் கிடைக்கிற ஊர் உலகத்தில் அதிகம் இல்லை. அது நம் பலம். மறைத்தால்தான் பலவீனமாகத் தெரியும்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நடந்தது நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாள்களை இந்த ஊர் மறக்காது. அதன் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் முறையில் பணத்தைக் கொட்டிச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறோம். சாயக்கழிவு நீர் சுத்திகரிக்கப்பட்டு, ஆர்ஓ வழியாகப் போய், தண்ணீர் மறுபடியும் சாயப்பட்டறைக்கே வருகிறது. மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் மீட்கிறார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, வெப்சைட்டில் ஒரு பச்சை இலைப் படம் போட்டு ‘ஈகோ ஃபிரண்ட்லி’ என்று மட்டும் எழுதுவது நம் உழைப்புக்கு நாமே செய்யும் அநியாயம்.

அந்தச் சொல்லால் ஆபத்தும் உண்டு. ஆதாரம் காட்டாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொதுப்படையாக நுகர்வோரிடம் சொல்வதைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2024இல் நிறைவேறியது. 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறை என்று அதில் தேதி குறித்திருக்கிறார்கள். அங்கே கடையில் விற்கும் பிராண்டுக்குத்தான் அந்தச் சட்டம். ஆனால் அந்த பிராண்டுக்கு ஆதாரம் கொடுக்க வேண்டியவர் நீங்கள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த இன்னொரு ஐரோப்பிய விதிமுறை, பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கொண்டுவருகிறது. ஜவுளி அதில் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. எனவே உங்கள் துணி எந்த டையிங்கில் சாயம் ஏறியது, அதன் கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, எவ்வளவு தண்ணீர் மீட்கப்படுகிறது என்று எழுதுங்கள். பையர் தேடுவது அதைத்தான்.

சான்றிதழ்ப் பக்கம் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். லோகோக்களை வரிசையாக அடுக்கினால் போதாது. ஆர்கானிக் ஜவுளிக்கான காட்ஸ் சான்று பெற்றவர்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தேடலாம். ஓகோ-டெக்ஸ் எண்ணையும் அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பையர் இரண்டே நிமிடத்தில் இதைச் செய்துவிடுவார். சான்றிதழ் எண், கொடுத்த அமைப்பு, எந்த வேலைகளுக்கு, எந்தத் தேதி வரை என்று நான்கையும் எழுதுங்கள். இரண்டு சான்றுகளும் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியவை. போன வருடத்தோடு முடிந்த சான்றிதழ் தளத்தில் தொங்கினால், புதிய சான்றிதழ் உங்கள் அலமாரியில் இருந்தாலும் அவர் நம்பமாட்டார். காட்ஸில் 95 சதவீதமும் அதற்கு மேலும் ஆர்கானிக் இழை இருந்தால் ஒரு லேபிள், 70 சதவீதத்திலிருந்து என்றால் வேறொரு லேபிள். எது உங்களுடையது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதேபோல, பெரிய பிராண்டுகளின் லோகோக்களை அவர்கள் அனுமதி இல்லாமல் ‘எங்கள் வாடிக்கையாளர்கள்’ என்று போடாதீர்கள். தன் பெயரையும் நாளை இப்படித்தான் காட்டுவார்கள் என்று புதிய பையர் நினைப்பார்.

வெளிநாட்டுப் பையர் மட்டும்தான் வருகிறார் என்று எண்ண வேண்டாம். வேலை தேடும் இளம் மெர்ச்சன்டைசர் பார்க்கிறார். வெளியூரிலிருந்து மகளைத் தையல் வேலைக்கு அனுப்ப நினைத்து உங்கள் கம்பெனியின் பெயரைக் கேட்ட பெற்றோர், படித்த பிள்ளையிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரத் தயாராக இருக்கிறவர் பார்க்கிறார். ஆள் கிடைக்கவில்லை என்று வருடம் முழுக்க வருத்தப்படுகிறோம். ஆனால் ஷிஃப்ட் நேரம் என்ன, ஓவர்டைம் எப்படிக் கணக்கிடப்படும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எத்தனை பேர், வீட்டுக்கு எப்போது பேசலாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வருவது என்ற கேள்விகளுக்கு நம் தளத்தில் ஒரு வரிகூட இல்லை. தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். பெண்ணை அனுப்பும் தாய்க்குப் பதில் சொல்லும் கம்பெனியைத் தொழிலாளர் நிலையைப் பார்க்க வரும் ஆடிட்டரும் மதிப்பார்.

எழுதும்போது சில பழக்கங்களைக் கடைப்பிடியுங்கள். ஒரு பக்கம், ஒரு கேள்வி. பதில் முதல் பத்தியிலேயே வரட்டும். விளக்கம் கீழே வரட்டும். ஃபேப்ரிக் விவரங்களைப் படமாக மாற்றி ஏற்றாதீர்கள். தேடுபொறியால் அதை எளிதில் படிக்க முடியாது, ஸ்பெயின்காரர் மொழிமாற்றிப் பார்ப்பதும் சிரமம். விலைக்கு வாங்கிய படங்களை எடுத்துவிட்டு உங்கள் செக்கிங் டேபிளை, உங்கள் கட்டிங் ஹாலை, உங்கள் ஓவர்லாக் லைனைப் போட்டோ எடுத்துப் போடுங்கள்; நல்ல வெளிச்சத்தில் செல்போனில் எடுத்தாலே போதும். விசாரணை ஃபார்மில் நான்கு கேள்விகள் கேளுங்கள்: என்ன ஆடை, எத்தனை பீஸ், எந்த ஊருக்கு, எப்போது வேண்டும். பதில் யாரிடமிருந்து, எத்தனை மணி நேரத்துக்குள் வரும் என்று எழுதுங்கள். எழுதியபடியே பதில் அனுப்புங்கள்.

கம்பெனி வரலாற்றை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான்கு மெஷினில் தொடங்கி நானூறு மெஷினுக்கு வளர்ந்த கதைக்கு மதிப்பு உண்டு. பையர் உங்களோடு தொழில் செய்யலாமா என்று யோசிக்கத் தொடங்கிய பிறகு அதைத் தேடி வந்து படிப்பார். அதற்குரிய இடம் இரண்டாவது, மூன்றாவது பக்கம்.

கடைசியாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். “வெப்சைட்டா? அதெல்லாம் பண்ணிக் கொடுத்தவங்க பார்த்துக்குவாங்க” என்ற பதில்தான் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. செய்து கொடுத்தவருக்கு உங்கள் சான்றிதழ் முடியும் தேதி தெரியாது. துணிப் பக்கம் மெர்ச்சன்டைசருக்கு, சான்றிதழ்ப் பக்கம் கம்ப்ளையன்ஸ் பார்ப்பவருக்கு, வேலைவாய்ப்புப் பக்கம் எச்.ஆருக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தம் பக்கத்தை வாசித்து, மாறியதைத் திருத்தி, பக்கத்தின் அடியில் தேதி போட வேண்டும். புதிய கேள்வி மெயிலில் வந்தால், அதற்கு எழுதிய பதிலையே தளத்திலும் சேர்த்துவிடுங்கள். இப்படி வளரும் வெப்சைட் ஒரே வருடத்தில் உங்கள் தொழிலின் முழுமையான விளக்கமாகிவிடும். செலவு பெரிதாக இல்லை, கவனம்தான் வேண்டும்.

இந்த வாரம் ஒரு மதியம் ஒதுக்குங்கள். மெர்ச்சன்டைசரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பழைய விசாரணை மெயில்களை எடுங்கள். அதிகம் கேட்கப்பட்ட முதல் ஐந்து கேள்விகளை எழுதுங்கள். ஐந்துக்கும் நேரான பதிலை, உங்கள் எண்களோடு, உங்கள் வாயால் சொல்வதுபோல எழுதி முதல் பக்கத்தில் ஏற்றுங்கள். முழுத் தளத்தையும் மாற்றப் பிறகு நேரம் இருக்கிறது. உலகம் முழுக்க உடுத்தும் ஆடையைத் தைத்து அனுப்பும் ஊர் இது. தன் வேலையைப் பற்றித் தெளிவாகப் பேசவும் இந்த ஊரால் முடியும். பேசுகிற கம்பெனிக்குத்தான் அடுத்த ஆர்டரின் முதல் மெயில் வரும்.

உங்கள் தொழில் மீது உண்மையான மதிப்புடன்,
ஏற்றுமதியாளர்களுக்காக எழுதும் ஒருவர்